"பழகிரும் அண்ணாச்சி!"

ஏப்ரல் கடைசி வாரம். முழுப் பரீட்சை முடிந்தாயிற்று. பாளையங்கோட்டையில், ஜங்ஷனில், டவுனில், எங்கே வளர்ப்புப் பிராணிக் கடை இருக்கிறதோ அங்கே ஒரு பையனோ பெண்ணோ அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்கிறார்கள். மீன் தொட்டிகளைத் தாண்டி, லவ் பேர்ட்ஸ் கூண்டுகளைத் தாண்டி, கீழ்த்தட்டில் ஒரு கம்பிக் கூண்டு. அதற்குள் வெள்ளையும் பழுப்பும் கறுப்புமாக, வாலே இல்லாத, உருண்டை உருண்டையான ஏழெட்டு ஜீவன்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. கினி பிக்.

"இது நம்ம ஊரு வெயிலத் தாங்குமா அண்ணாச்சி?"

"அதெல்லாம் பழகிரும் அண்ணாச்சி. ஃபேன் போட்டு விட்டாப் போதும்."

இரண்டே வாக்கியம். இரண்டுமே பொய். சொல்கிறவர் வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை. அவருக்கு மொத்த வியாபாரி சொன்னதை அவர் திருப்பிச் சொல்கிறார், அவ்வளவுதான். கேட்கிற அப்பாவுக்கும் அந்தப் பதில் தேவைப்படுகிறது. பிள்ளை முகத்தைப் பார்த்துக்கொண்டு "வேண்டாம்" என்று சொல்வதைவிட "பழகிரும்" என்று நம்புவது சுலபம். காது குத்திய அட்டைப்பெட்டிக்குள் (அட்டைப்பெட்டிக்குத்தான் ஓட்டை, பிராணிக்கு அல்ல) பிராணி போகிறது. பெட்டி பைக்கின் முன்னால் ஏறுகிறது. மதியம் மூணு மணி வெயில்.

கினி நாட்டுக்கும் இந்தப் பிராணிக்கும் சம்பந்தமில்லை, பன்றிக்கும் சம்பந்தமில்லை. பழைய அகராதிக்காரர்கள் சீமைப்பெருச்சாளி என்று எழுதி வைத்தார்கள். அதுவும் தப்புதான், பெருச்சாளி மாதிரி வளை தோண்டிக் கீழே போய் வெயிலிலிருந்து தப்பிக்கிற சாமர்த்தியம் இதற்குக் கிடையாது. இதன் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. பல ஆயிரம் வருஷங்களுக்கு முன்பே அங்கிருந்த மக்கள் இதை வீட்டு விலங்காக்கி, அடுப்படியில் வளர்த்தார்கள், செல்லமாக அல்ல, சாப்பிடுவதற்கு. பெருவில் இன்றைக்கும் சாப்பிடுகிறார்கள். கூஸ்கோ நகரத்து தேவாலயத்தில் உள்ள 'கடைசி இரவு உணவு' ஓவியத்தில் இயேசுவின் முன்னால் தட்டில் கிடப்பது கினி பிக்தான் என்று பலரும் சொல்வார்கள். அது இருக்கட்டும். அந்தக் கூஸ்கோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டியைவிட ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம். அங்கே அடுப்படியில் வைத்தார்கள் என்றால் குளிருக்காக வைத்தார்கள். கோடை என்றாலே ஸ்வெட்டரைக் கழற்றாத ஊரில் உருவான பிராணியைக் கொண்டுவந்து வண்ணார்பேட்டை மாடி வீட்டில் இறக்கிவிட்டு "பழகிரும்" என்றால் என்ன அர்த்தம்?

பழகுதல் என்பது மனசு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. உடம்பு சம்பந்தப்பட்டது. கினி பிக்கின் உடம்பைக் கொஞ்சம் பார்த்தால் போதும். மனிதனைப் போல வியர்த்து உடம்பைக் குளிர வைக்க அதற்கு வழியில்லை. நாயைப் போல நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துச் சூட்டைத் தள்ளவும் சரியாக வராது. வீட்டு எலிக்குக்கூட வால் இருக்கிறது. ரோமமில்லாத அந்த வாலுக்கு ரத்தத்தை அனுப்பி எலி தன் சூட்டைக் கழிக்கும். கினி பிக்குக்கு வாலும் கிடையாது. குட்டையான கால், கழுத்தே தெரியாத உருண்டை உடம்பு, மேலே அடர்த்தியான ரோமம். குளிரில் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதற்கு இதைவிட நல்ல அமைப்பு இருக்க முடியாது. அதே காரணத்தால் வெயிலில் இதைவிட மோசமான அமைப்பும் இருக்க முடியாது. இருக்கிற ஒரே ஜன்னல் அதன் காதுகள்தான், மெல்லிசான, ரோமம் குறைந்த இரண்டு காதுகள்.

அதற்குச் சுகமான வெப்பநிலை ஏறத்தாழ 18 முதல் 24 டிகிரி. 28, 30ஐத் தாண்டினால் ஆபத்து ஆரம்பம். காற்றோட்டமும் நிழலும் இல்லாமல், ஈரப்பதமும் சேர்ந்துகொண்டால் வெப்பத்தாக்கு வந்து சில மணி நேரத்தில் செத்துப் போகும். இப்போது நெல்லையின் கணக்கு. ஏப்ரல், மே மாதங்களில் பாளையங்கோட்டையில் பகல் 37, 38 டிகிரி சர்வசாதாரணம், சில நாட்கள் 40ஐயும் தொடும். அதைவிட முக்கியம் இரவு. மே மாத இரவில் 26, 27க்குக் கீழே இறங்கவே யோசிக்கும். அதாவது நெல்லையின் நள்ளிரவுக் குளிர்ச்சி இந்தப் பிராணியின் சுகத்தின் எல்லையைத் தாண்டித்தான் இருக்கிறது. பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவில் இறக்கி வைக்கக்கூட அதற்கு இடமில்லை.

இன்னொன்று. செய்தியில் வருகிற டிகிரி, நிழலில், காற்றோட்டமான வெள்ளை மரப்பெட்டிக்குள் வைத்த வெப்பமானி காட்டுவது. தகர ஷீட்டுக்குக் கீழே, கான்கிரீட் மொட்டைமாடிக்குக் கீழே, மேற்குப் பார்த்த பால்கனியில் அதே நேரத்தில் என்ன இருக்கும் என்று எந்தச் செய்தியும் சொல்லாது. வானிலைத் துறை சமவெளியில் வெப்ப அலை என்று பேச ஆரம்பிப்பதே குறைந்தது 40 டிகிரியைத் தொட்ட பிறகுதான். அது மனிதர்களுக்கான எச்சரிக்கை. அந்த எச்சரிக்கை வரும்போது கினி பிக்குக்கு ஆபத்து வந்து பத்து டிகிரி ஆகியிருக்கும்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாத ஒரு விஷயமும் உண்டு. இந்தியாவில் ஆராய்ச்சிக் கூடங்களில் சோதனைக்காக வைத்திருக்கும் விலங்குகளுக்கு அரசு அமைத்த குழுவின் வழிகாட்டுதல்கள் இருக்கின்றன. அங்கே விலங்கு அறையின் வெப்பநிலை ஏறத்தாழ 18 முதல் 29 டிகிரிக்குள் இருக்க வசதி வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஊசி போடுவதற்காக, மருந்து சோதிப்பதற்காக, கடைசியில் கொல்வதற்காக வைத்திருக்கும் கினி பிக்குக்கு 29 டிகிரிக்குள் அறை. "செல்லம்", "பட்டு", "குட்டிம்மா" என்று பெயர் வைத்துக் கொஞ்சுகிற கினி பிக்குக்கு 38 டிகிரியில் தகர ஷெட். எது அன்பு, எது கொடுமை என்று யார் சொல்வது?

நெல்லைக்காரர்களுக்கு இன்னொரு நம்பிக்கை: கத்திரி போனால் வெயில் போச்சு. மே 4 வாக்கில் ஆரம்பித்து 28 வாக்கில் அக்னி நட்சத்திரம் முடிகிறது. அப்புறம் குற்றாலத்தில் சாரல். சாரல் வரும்தான், ஆனால் தென்காசிக்கு. மேற்கிலிருந்து வரும் காற்று மலைக்கு அந்தப் பக்கமும் மலையடிவாரத்திலும் ஈரத்தை இறக்கிவிட்டு, திருநெல்வேலிக்கு வரும்போது வறண்டு வருகிறது. ஜூன், ஜூலை, ஆகஸ்டிலும் பாளையங்கோட்டையில் பகல் 35க்கு மேலேதான் நிற்கும். அம்பாசமுத்திரத்திலும் பாபநாசத்திலும் இருப்பவர்களுக்கு ஜூனில் கொஞ்சம் மூச்சு வரும். மேலப்பாளையத்துக்கும் பேட்டைக்கும் அது கிடையாது. தாமிரபரணி ஓடுகிற ஊர் குளிர்ச்சியாக இருக்கும் என்பதும் இதே வகை நம்பிக்கைதான். குறுக்குத்துறைப் படித்துறையில் கால் நனைத்து உட்கார்ந்தவனுக்கு ஊர் குளிர்ச்சிதான். ஆற்றிலிருந்து நாலு தெரு தள்ளி மூன்றாவது மாடியில் கூண்டுக்குள் இருப்பதற்கு ஆறு என்ன செய்யும்?

இங்கேதான் வருஷா வருஷம் நடக்கிற அந்தக் கூத்து வருகிறது. வீட்டில் சூடு தாங்காமல் குடும்பமே இரண்டு நாள் குற்றாலம் போகிறது. ஐந்தருவியில் குளிக்கிறார்கள். கினி பிக்கை? "கேரட்டு போட்டாச்சு, தண்ணி வச்சாச்சு, பூனை வந்துரக் கூடாதுன்னு ஜன்னலையும் அடைச்சாச்சு." அடைத்த ஜன்னல், நின்ற ஃபேன், மேலே காய்ந்த கான்கிரீட். சூட்டிலிருந்து தப்பிக்கத்தான் அவர்களே கிளம்பினார்கள். தப்பிக்க முடியாத ஒன்றை அதே சூட்டுக்குள் பூட்டி வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். திரும்பி வந்து கதவைத் திறக்கும் பிள்ளைக்கு அன்றைக்குக் கிடைக்கிற பாடத்தை எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதற்குப் பெரியவர்கள் சொல்லும் விளக்கம்: "சீக்கு வந்திருக்கும்லே, விடு. வேற வாங்கலாம்."

வேற வாங்கலாம்! இந்த வியாபாரமே இந்த இரண்டு வார்த்தையின் மேல்தான் நிற்கிறது. ஒழுங்காக வளர்த்தால் ஐந்து முதல் எட்டு வருஷம் வரை வாழக்கூடியது கினி பிக். ஆறாம் வகுப்பில் வாங்கினால் பன்னிரண்டாம் வகுப்பு வரை கூட வரும். எத்தனை வீட்டில் வந்திருக்கிறது?

விற்கிற காலமும் பாருங்கள், எவ்வளவு பொருத்தம்! வருஷத்தில் இந்தப் பிராணிக்கு ஆகவே ஆகாத மாதங்கள் ஏப்ரலும் மேயும். பிள்ளைகளுக்கு லீவு என்பதால் அதே மாதங்களில்தான் கேட்பவர்கள் அதிகம். இதில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. கடைக் கூண்டில் ஆணும் பெண்ணும் கலந்து கிடக்கின்றன. ஒரு மாத வயதிலேயே பெண் சினைப்படக்கூடும். சினைக்காலம் 59 முதல் 72 நாள். மார்ச் கடைசியில் "ஒண்ணு ஆண், ஒண்ணு பெண், ஜோடி" என்று வாங்கிவந்த வீட்டில், கணக்குப் போட்டால், ஏப்ரல் பூராவும் மே பூராவும் அது சினையாக இருக்கும். கத்திரி வெயிலின் கடைசியில் குட்டி போடும். வெப்பத்தாக்கு முதலில் அடிப்பது யாரை? சினையானதை, குண்டானதை, வயசானதை, நீளமுடி உள்ளதை. அந்த நீளமுடி ரகத்துக்குத்தான் கடையில் விலை அதிகம்! அழகுக்கு நூறு ரூபாய் கூடக் கொடுத்து, சாவுக்கு ஒரு கம்பளியும் சேர்த்து வாங்கி வருகிறார்கள்.

சரி, எதிர்ப்பக்கத்தில் சொல்பவர்களின் வாதத்தையும் கேட்க வேண்டும்.

"ஆடும் கோழியும் இதே வெயிலில் வளரலையா?" வளர்கின்றன. இந்த மண்ணின் ஆடுகள் அவை. திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையின் கீழக்கரிசல் செம்மறியும், கோவில்பட்டி, சாத்தூர்ப் பக்கத்துக் கன்னி ஆடும், சிப்பிப்பாறை நாயும் எத்தனையோ தலைமுறையாக இதே கரிசல் வெயிலில் தப்பிப் பிழைத்தவற்றின் பிள்ளைகள். நீண்ட கால், ஒட்டிய வயிறு, குட்டை ரோமம். ஒரு சிப்பிப்பாறையையும் ஒரு கினி பிக்கையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தாலே எது எந்த ஊர்க்காரன் என்று தெரிந்துவிடும். அதோடு, ஆடு வேப்பமரத்து நிழலுக்குத் தானே நடந்து போகும். கூண்டுக்குள் இருப்பதற்குக் கூண்டுதான் உலகம்.

"மனுஷனுக்கே ஃபேன் ஓடலை, எலிக்கு ஏசியா?" இதுதான் கொஞ்சம் கனமான கேள்வி. பீடி சுற்றும் வீட்டிலும் தகரக் கூரைப் பட்டறையிலும் உட்கார்ந்திருப்பவர்களின் நிலைமையை மறந்துவிட்டுக் கினி பிக்குக்காகக் கண்ணீர் விடுவது அசிங்கம்தான். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பவர் யார் என்று பார்க்க வேண்டும். பட்டறையில் இருப்பவர் கினி பிக் வாங்கவில்லை. வாங்கியவர் ஹாலில் ஏசி போட்டுப் படுத்துக்கொண்டு, "நாத்தம் அடிக்குது" என்று கூண்டை மொட்டைமாடிக்கு அனுப்பியவர். மனுஷன் சூடு தாங்காவிட்டால் திண்ணைக்கு வருவான், ஆற்றுக்குப் போவான், ஒரு சொம்பு தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்வான். கூண்டில் அடைத்தவன், அந்த வழியையெல்லாம் ஒரு கொண்டியைப் போட்டு மூடியவன். மூடிய கைதான் பதில் சொல்ல வேண்டும்.

அப்படியானால் ஏசி இருப்பவர்கள் மட்டும்தான் வளர்க்க வேண்டுமா என்றால், அதுவும் இல்லை. டவுனில் ரதவீதிகளைச் சுற்றியும், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி அக்கிரகாரங்களிலும் இன்னும் மிச்சமிருக்கிற பழைய வீடுகளில் தடித்த சுவர், ஓட்டுக்கூரை, முற்றம், இருட்டான ரெண்டாங்கட்டு உண்டு. அந்த வீட்டின் உள்ளறைத் தரை, புதிதாகக் கட்டிய ஃபிளாட்டின் மேல்மாடி அறையைவிடப் பல மடங்கு நல்லது. பணத்தைவிட இடம் முக்கியம். ஒரு அறை வெப்பமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கூண்டு வைக்கப்போகும் இடத்தில், தரை மட்டத்தில், அதை வைத்து மதியம் மூணு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் ஒரு வாரம் பார்க்கட்டும். (ஒன்பது மணி எதற்கு என்றால், கான்கிரீட் பகலில் குடித்த சூட்டை ராத்திரிதான் உள்ளே துப்பும்.) எல்லா முயற்சிக்குப் பிறகும் 28க்குக் கீழே வரவில்லை என்றால் அந்த வீட்டுக்குக் கினி பிக் ஆகாது. பிள்ளை அழும். அழட்டும், ஒரு நாள் அழும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் என்ன செய்வது? முதலில் அந்த ஃபேன் கதையை முடித்துவிடலாம். ஃபேன் காற்றைக் குளிர வைப்பதில்லை. வியர்த்த தோலின் மேல் காற்று படும்போது வியர்வை ஆவியாகி மனிதனுக்குக் குளிர்கிறது. வியர்க்காத பிராணிக்கு அந்தக் குளிர்ச்சி கிடையாது. கினி பிக்கின் உடம்புச் சூடே சுமார் 38, 39 டிகிரி. அறைக் காற்றும் 38 என்றால் ஃபேன் செய்வது அடுப்பை ஊதுகிற வேலை. ஆனால் அதே ஃபேனுக்கு முன்னால் ஒரு ஈரத்துணி தொங்கினால் கதையே மாறிவிடும். நெல்லையின் வெயில் வறண்ட வெயில். வறண்ட காற்றில் தண்ணீர் வேகமாக ஆவியாகும், ஆவியாகும்போது காற்றின் சூட்டை எடுத்துக்கொள்ளும். வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்து ஜன்னலில் கட்டிய தாத்தாக்களுக்கு இது தெரியும். ஏர் கூலர் செய்வதும் இதைத்தான். ஒரே நிபந்தனை, எதிர்ப்பக்கத்து ஜன்னல் திறந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் அடைத்துவிட்டுக் கூலர் போட்டால் ஒரு மணி நேரத்தில் அறை முழுக்க ஈரம் நிறைந்து, ஆவியாதல் நின்று, புழுக்கமாகிவிடும். புழுக்கம் கினி பிக்குக்கு வெயிலைவிட மோசம். தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பக்கம் கடல் காற்றில் ஏற்கெனவே ஈரம் இருப்பதால் இந்த வித்தை அங்கே அவ்வளவாகப் பலிக்காது. ஈரத்துணி கூண்டின் ஒரு பக்கத்தில்தான் தொங்க வேண்டும். நாலு பக்கமும் போர்த்துவது மூச்சை அடைப்பது.

கண்ணாடி மீன் தொட்டியில் கினி பிக் வளர்ப்பவர்கள் இன்றைக்கே அதை வெளியே எடுக்க வேண்டும். காற்று உள்ளே நுழைய வழியில்லாத அந்தத் தொட்டியில் சூடும் தங்கும், மூத்திரத்தின் நெடியும் தங்கும். கம்பிக் கூண்டு, கெட்டியான தரை, தரைத்தளத்து உள்ளறை. தரையில் ஒரு கடப்பாக் கல் துண்டோ, மிச்சம் கிடக்கும் தரை டைல்ஸோ நிழலில் போட்டால் அதுவாகவே போய் வயிற்றை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். காருகுறிச்சிப் பானை ஒன்று உடைந்து கிடந்தால் எறிய வேண்டாம். கூர் முனையைத் தேய்த்துவிட்டு, வெளிப்பக்கத்தை நனைத்துக் கவிழ்த்து வைத்தால் அதைவிட நல்ல குகை கடையில் விற்பதில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் உறைய வைத்து, துணி சுற்றி, கூண்டின் ஒரு மூலையில் வைக்கலாம். மூலையில் மட்டும், வேண்டுமானால் விலகிப் போகட்டும். நாலு பாட்டில் சுழற்சியில் இருந்தால் கரண்ட் போகிற நாளிலும் சமாளிக்கலாம். தண்ணீர்க் குப்பி ஒன்றல்ல, இரண்டு. குப்பி முனையில் உள்ள குண்டு அடைத்துக்கொண்டால் ஒரு மதியத்தில் எல்லாம் முடிந்துவிடும். நீளமுடி ரகமென்றால் மார்ச்சிலேயே முடியைக் கத்தரித்துவிட வேண்டும்.

தீனியில் நெல்லைக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. மனிதனைப் போலவே கினி பிக்குக்கும் வைட்டமின் சி சொந்தமாகத் தயாரிக்கத் தெரியாது. நார்வேயில் 1907இல் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இரண்டு பேர் ஸ்கர்வி நோயைப் பற்றிய உண்மையைக் கண்டதே கினி பிக்குகளை வைத்துத்தான். வெறும் முயல் தீவனத்தைப் போட்டு வளர்த்தால் ஈறு வீங்கி, மூட்டு வீங்கி, சாப்பாட்டைத் தள்ளும். அந்த நிலையில் வெயிலும் சேர்ந்தால் தாங்காது. கொத்தமல்லித் தழை தினமும், கொய்யாவிலோ பெரிய நெல்லிக்காயிலோ ஒரு சின்னத் துண்டு. இவ்வளவுதான், கடை மாத்திரையே வேண்டாம். முக்கியத் தீனி புல். வயக்காட்டு வரப்பில் அருகம்புல் இலவசம், பூச்சிமருந்து அடித்த வயலாக இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். வைக்கோல் படுக்கைக்கு ஆகும், வயிற்றுக்குப் பற்றாது. மோர் குளிர்ச்சி என்று ஊட்டுவதும் தப்பு. பால் சார்ந்த எதுவும் அந்தக் குடலுக்கு ஆகாது. "வெயிலுக்கு இதமா" என்று தினம் குளிப்பாட்டுவது அதைவிடத் தப்பு. அடர்ந்த ரோமம் சீக்கிரம் காயாது, பயத்தில் பாதி உயிர் போய்விடும்.

காதைத் தொட்டால் கொதிக்கிறது, சிவந்திருக்கிறது, வேகவேகமாக மூச்சு, வாயில் எச்சில் ஒழுகுகிறது, பக்கவாட்டில் தொய்ந்து படுத்துக் கிடக்கிறது. இது தூக்கம் இல்லை, வெப்பத்தாக்கு. உடனே குளிர்ந்த இடத்துக்குக் கொண்டுபோய், சாதாரணக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியால் காதையும் பாதத்தையும் ஒற்ற வேண்டும். ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது. தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கிச் சூடு உள்ளேயே மாட்டிக்கொள்ளும், அதிர்ச்சியிலும் போய்விடும். வாயில் தண்ணீரை ஊற்றக் கூடாது, நக்கினால் நக்கட்டும். அதோடு மருத்துவரிடம் ஓட வேண்டும். எழுந்து நின்றுவிட்டது என்று விட்டுவிடவும் கூடாது. ஒரு நாள் சாப்பிடாமல் இருந்தாலே கினி பிக்கின் குடல் ஓய்ந்துபோகும். வீட்டில் மிச்சமிருக்கிற அமாக்ஸிசிலின் மாத்திரையை உடைத்துக் கொடுப்பது விஷம் கொடுப்பதற்குச் சமம், இந்தப் பிராணிக்கு அந்த வகை மருந்து ஆகவே ஆகாது. ராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆடு மாட்டுக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு அந்தப் பக்கமே போகாதவர்கள் நிறைய.

இத்தனையையும் வாங்குகிறவன் தலையிலேயே கட்டிவிட்டு விற்கிறவர் கையைக் கழுவிக்கொள்ள முடியாது. 2018இல் மத்திய அரசு வளர்ப்புப் பிராணிக் கடைகளுக்கென்றே விதிகள் கொண்டுவந்தது. அதில் வளர்ப்புப் பிராணி என்ற பட்டியலில் நாய், பூனை, முயலோடு கினி பிக்கின் பெயரும் நேரடியாகவே இருக்கிறது. மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்யாமல் கடை நடத்தக் கூடாது என்கிறது. அதற்கும் முன்னால் 1960இன் மிருகவதைத் தடைச் சட்டம். அசையக்கூட இடமில்லாத கூண்டில் அடைப்பது அதில் குற்றம்தான். முதல் தடவைக்கு அபராதம் என்ன தெரியுமா? குறைந்தது பத்து ரூபாய், அதிகபட்சம் ஐம்பது ரூபாய். ஜங்ஷனில் இரண்டு பேர் டீயும் வடையும் சாப்பிட்டால் அதைவிட அதிகம் ஆகும். இந்தச் சட்டத்தைக் காட்டி அண்ணாச்சியைப் பயமுறுத்த முடியாது.

அவரைப் பயமுறுத்தக்கூடியது ஒன்றே ஒன்று, வாங்காத வாடிக்கையாளர். மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை நெல்லையில் கினி பிக் வாங்குவதில்லை என்று ஐம்பது வீடு முடிவு செய்தால் மொத்த வியாபாரியின் பெட்டி தானாகவே இறங்காமல் போகும். அக்டோபரில் மழை பிடித்த பிறகு வாங்கட்டும், இரண்டும் ஒரே பாலாகப் பார்த்து. அடுத்த மார்ச் வருவதற்குள் வீட்டில் எந்த மூலை குளிர்ச்சி என்று பிராணிக்கும் தெரிந்திருக்கும், பிள்ளைக்கும் தெரிந்திருக்கும். அதுவரைக்கும், மே மாதம் மூணு மணிக்குக் கடையில் நிற்கிற அப்பாக்கள் பையிலிருந்து ஒரு வெப்பமானியை எடுத்து, அந்தக் கீழ்த்தட்டுக் கூண்டுக்குள் பத்து நிமிஷம் வைக்கச் சொல்லிக் கேட்கலாம். வைக்கட்டும். அப்புறம் அண்ணாச்சி அதே வார்த்தையைச் சொல்கிறாரா என்று பார்க்கலாம்.